டெல்மர் கேட்டார்

வேட்டைக்கு அனுமதி கேட்க வருகிறவர்கள் ஜூலை மாதத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பருவம் தொடங்கும் நாளின் விடியலில், துப்பாக்கி வண்டியில் கிடக்கக் கதவைத் தட்டுகிறவர் உண்மையில் கேட்பதில்லை; மறுக்க இயலாத நேரம் பார்த்து வந்து நிற்கிறார். ஜூலையில் வருகிறவர் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். தொப்பியைக் கழற்ற வேண்டியிருக்கும். மக்காச்சோளம் எப்படி வந்திருக்கிறது, மழை போதுமா என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர முடியும். அந்தத் தாமதத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. நிலம் இன்னொருவருடையது என்பதை அவர் தம் உடம்பால் ஒப்புக்கொள்கிறார்.

நீங்கள் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். நகரத்துக்காரர் என்று தோன்றுகிறது. ஆகவே இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அனுமதி கேட்பதில் இரண்டு கேள்விகள் உண்டு. "உங்க நிலத்துல இறங்கலாமா?" என்பது முதலாவது. "வேற யாராச்சும் இருக்காங்களா?" என்பது இரண்டாவது. முதல் கேள்வி நாகரிகத்துக்காக. இரண்டாவது உயிருக்காக. ஆளுயரச் சம்பங்கோரைக்குள் யார் எங்கே இருக்கிறார் என்பது நிலத்துக்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்வதை நம்பித்தான் மனிதர்கள் துப்பாக்கியோடு உள்ளே போகிறார்கள். இதுவரை யாரும் அதில் பொய் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே யாரும் அதைச் சந்தேகிப்பதும் இல்லை.

இந்த நிலம் என் தந்தையுடையது. அவருக்குப் பின் எனக்கு வந்தது. என் கணவர் அர்விட் திருமணமாகி இங்கே குடிவந்தவர். ஆனாலும் கதவைத் திறந்தது நானாக இருந்த எல்லா ஆண்டுகளிலும், வந்தவர்கள் என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்து, "வீட்டுக்காரர் இருக்காரா?" என்றே கேட்டார்கள். நான் கொட்டகையைக் காட்டுவேன். அர்விட் நல்லவர், எல்லோருக்கும் சரி என்பார். மாலையில் உணவு மேசையில், "இன்னிக்கு ரெண்டு பேருக்கு மேற்கு வயலக் குடுத்தேன்" என்பார். நான் உருளைக்கிழங்கை அவர் பக்கம் தள்ளுவேன்.

அர்விட் இறந்த பிறகு வேறு வழியின்றி என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். சிறிய விஷயம்தான். ஆயினும் ஜூலையும் ஆகஸ்டும் எனக்குப் பிடித்த மாதங்களாயின என்பதை மறைக்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இடுப்பில் கட்டிய சமையல் துணியை அவிழ்த்துவிட்டுத்தான் போவேன்.

கேட்காதவர் ஒருவர்தான். அவர் டெல்மர்.

டெல்மர் ஹாகன், மனைவி லோயிஸோடு, என் வடக்கு வேலிக்கு அப்பால் இருந்தவர். அவரைப் பற்றி இந்தக் கவுண்டி வட்டாரத்தில் யாரிடம் விசாரித்தாலும் நல்லதே சொல்வார்கள். அவை எல்லாம் உண்மை. அர்விட்டின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். பனி கொட்டினால், நான் எழுவதற்கு முன்பே என் பாதையை வழித்துவிட்டுப் போயிருப்பார். நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. ஒருமுறை நான் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியபோது தெற்கு வேலியின் கேட் இருந்த இடத்தில் இல்லை.

"வெர்னா, உன் கேட்டை அந்தப் பக்கம் மாத்திட்டேன்" என்றார், தம் ட்ராக்டரிலிருந்து இறங்காமலே. "அர்விட்கிட்ட எத்தன தடவை சொன்னேன், அது அங்க இருந்தா வண்டி திரும்பாதுன்னு. இப்ப பாரு, வெண்ணெய் மாதிரி திரும்பும்."

"அது எங்கப்பா வெச்ச கேட்டு, டெல்மர்."

"உங்கப்பா குதிரை ஓட்டினாரு, வெர்னா. நீ ட்ராக்டர் ஓட்டுற."

அவர் சொன்னது சரி. வண்டி எளிதாகத் திரும்பியது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அவர் சொன்னது சரியென்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தீங்கு செய்கிறவரை எதிர்க்கலாம். நன்மையை அனுமதியின்றிச் செய்கிறவரிடம் நன்றி சொல்வதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது.

நவம்பர் மாத மான் வேட்டைக்கும் அவர் அப்படித்தான் வந்தார். என் ஓடைப்பள்ளத்தில், சம்பங்கோரை விளிம்பில், பழைய வைக்கோற்கட்டு ஒன்றின்மேல் அமர்வார். அர்விட் எப்போதோ சரி என்று சொன்னது, அவர் வரையில் முடிவில்லாத அனுமதி. ஒருமுறை தானியக் கிடங்கருகே உள்ள காபிக் கடையில் யாரோ அவரிடம், "வெர்னாகிட்ட கேட்டுட்டியா?" என்றார்கள். நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

"எதுக்குக் கேக்கணும்?" என்றார் டெல்மர். "அர்விட் போகும்போது நிலத்தோட சேத்து என்னையும் அவ தலைல கட்டிட்டுப் போயிட்டான். கேட்டா தள்ளி விட்டுருவா. கேக்காம இருக்கறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தோளைத் தட்டிவிட்டு, என் காபிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அதற்கும் என்னைக் கேட்கவில்லை.

இனி எம்மெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் நீங்கள் கடுமையாக நடந்துகொள்ளக் கூடாது என்பது என் விருப்பம். எம்மெட் ஸ்ட்ரூப் நகரத்துப் பள்ளியில் இசை கற்பிக்கிறவர். வேட்டைக்குப் புதியவர். முதல் ஆண்டு ஜூலையில், வண்டியை வாசலுக்கு வெகு தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கையில் ஒரு பெட்டி பீச் பழம். "அம்மா, இந்த நிலம் உங்களோடதுன்னு சொன்னாங்க" என்றார். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் முழு நிலத்தையும் திறந்துவிட்டிருப்பேன்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. அதே இலையுதிர்காலத்தில் ஃபெசன்ட் கோழி தேடி நடந்தவர், காற்றில் ஆடிய கோரையைப் பார்த்துச் சுட்டுவிட்டார். அதற்குப் பின்னால் இருந்த என் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி சல்லடையானது. அவரே ஓடி வந்து சொன்னார். முகம் வெளுத்திருந்தது.

"ஏதோ அசைஞ்சுதும்மா. என்னன்னு பாக்கறதுக்குள்ள கை முந்திடுச்சு."

"தொட்டிதானே, பரவாயில்ல."

"மாடு நின்னிருந்தா?"

"நிக்கலியே."

அடுத்த வாரமே வந்து தொட்டியை ஒட்டவைத்துக் கொடுத்தார். அவர் கண்ணால் பார்த்துச் சுடுகிறவர் அல்லர், அசைவைச் சுடுகிறவர் என்று நான் அறிந்துகொண்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நல்ல இளைஞரின் பெயரைக் கெடுப்பானேன் என்று அப்போது நினைத்தேன். அப்போது நினைத்தது அது மட்டுமே.

போன ஜூலையில் எம்மெட் மறுபடி வந்தார். மான் பருவத்தின் முதல் சனிக்கிழமைக்கு ஓடைப்பள்ளத்தைக் கேட்டார். கொடுத்தேன். டெல்மரும் அங்கே வந்து உட்காருவார் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் ஓடைப்பள்ளத்தைக் கேட்டவர்களிடம் அப்படித்தான் சொல்லி, வேறு வயலுக்கு அனுப்பிவைத்தேன். இந்த முறை சொல்லவில்லை. சனிக்கிழமைக்கு முன்பு டெல்மரிடம் பேசி, இந்த ஆண்டு வராதீர்கள், அது வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று நேருக்கு நேர் சொல்லப்போகிறேன் என்று எண்ணியிருந்தேன். அந்தப் பேச்சை அடுப்பங்கரையில் பலமுறை ஒத்திகை பார்த்தேன். நான் எதிர்பார்த்திருந்த இன்பம் அது ஒன்றுதான்.

ஆனால் டெல்மர் முந்திக்கொண்டார். பருவம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஒரு பிற்பகலில் வந்து கதவைத் தட்டினார். அவர் தட்டியதே இல்லை, திறந்துகொண்டு வருகிறவர். நான் திறந்தபோது தொப்பி கையில் இருந்தது. அவர் தலை அவ்வளவு நரைத்துவிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"வெர்னா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சனிக்கிழமை காலைல உன் ஓடைப்பள்ளத்துல உக்காரலாமா?"

அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"லோயிஸ் பிடிபிடின்னு பிடிச்சுட்டா. ஒரு பொம்பள தனியா நிலத்தக் கட்டிக் காப்பாத்தறா, நீ பாட்டுக்கு உன் வீட்டுக் கொல்லை மாதிரி போய்ட்டு வர, வெக்கமா இல்லையான்னு. அவ சொன்னப்புறம்தான் உறைச்சுது. இத்தன வருஷமா கேட்டிருக்கணும், வெர்னா. கேக்கல. தப்புதான்."

இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நான் விரும்பியது முழுவதும் அந்த வாசலில், அந்த நிமிடம், எனக்குக் கிடைத்துவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம். லோயிஸ் சொல்லித்தான் வந்திருக்கிறார். என்னிடம் கேட்பதற்கும் அவருக்கு வேறொருவரின் உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது. அதோடு, நான் ஒத்திகை பார்த்திருந்த பேச்சையும் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார். கேட்டை எடுத்து மாற்றி வைத்தது போல, நல்லெண்ணத்தோடு.

உள்ளே வரச் சொன்னேன். காபி ஊற்றினேன். ஆப்பிள் கேக் இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டார். தம் முழங்கால் வலியைப் பற்றி நகைச்சுவையாக ஏதோ சொன்னார். எழுந்திருக்கும்போது, முறைப்படி, இரண்டாவது கேள்வியையும் கேட்டார்.

"வேற யாராச்சும் வராங்களா அன்னிக்கு?"

"யாரும் இல்ல" என்றேன். "உங்களுக்கு மட்டும்தான்."

"அப்ப அந்தப் பூசணிக்காச் சட்டையப் போட வேணாம். உக்காந்தா கழுத்த அறுக்குது."

வேட்டைக்காரர்கள் அணியும் ஆரஞ்சு மேலங்கியைச் சொன்னார். சட்டப்படி அணிய வேண்டும். ஆனால் நிலத்தில் வேறு யாரும் இல்லையென்று தெரிந்தால், எங்கள் பக்கத்துக் கிழவர்கள் பழுப்பு நிறக் கான்வாஸ் கோட்டோடு போய்விடுவார்கள். பழுப்புக் கோட்டு நவம்பர் மாதத்துக் கோரையில் தனியாகத் தெரியாது.

"உங்க இஷ்டம், டெல்மர்" என்றேன்.

அவர் சிரித்தார். "கேட்டாத்தான் கேக்கு கெடைக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, வருஷா வருஷம் வந்திருப்பேனே."

எம்மெட்டுக்குக் கொடுத்தது அந்தக் கணத்தில் எனக்கு மறந்துபோயிற்று என்று முதலில் சொல்ல நினைத்திருந்தேன். மனிதர்கள் மறப்பதுண்டு, என் வயதில் அதை நம்புவார்கள். ஆனால் மறந்தவள் அன்று மாலை எம்மெட்டைத் தொலைபேசியில் அழைத்திருக்க மாட்டாள். அந்த அழைப்பை உங்களால் சரிபார்க்க முடியும். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன்.

"சனிக்கிழமை வடக்குப் பக்கமா இறங்குங்க" என்றேன் அவரிடம். "மரவரிசைக்கு அந்தப் பக்கம் வண்டிய நிறுத்திட்டு, கோரைக்குள்ள மெதுவா நடந்து வாங்க. மான் உள்ளதான் படுத்திருக்கும். காலடியிலேர்ந்து பாயும். சட்டுனு சுடணும், யோசிச்சா போயிடும்."

"வேற யாரும் இருக்க மாட்டாங்களேம்மா?"

"ஒரு ஈ காக்கா இருக்காது."

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றார்.

அதன் பிறகு சில நாட்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் தொலைபேசி சுவரில்தான் இருந்தது. நான் வழக்கம்போல மாடுகளைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் ஜன்னல் துடைத்தேன். பதற்றம் இருந்ததாக நினைவில்லை. ஏதும் நடக்காமலே போகலாம் என்றும் நினைத்தேன். மனிதர்கள் கோரையில் ஒருவரையொருவர் கடந்து போவது அன்றாடம் நடக்கிற விஷயம்.

சனிக்கிழமை காலை சமையலறை ஜன்னலில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். டெல்மர் தம் பிக்கப் வண்டியைத் தாம் மாற்றி வைத்த கேட்டின் அருகில் நிறுத்தினார். கேட்டைத் திறந்து, உள்ளே வந்து, திரும்பவும் மூடினார். வீட்டைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் மாவுக் கையை உயர்த்தினேன். பழுப்புக் கோட்டு. நடந்து போய்க் கோரை விளிம்பில் மறைந்தார். பிறகு வெகு நேரம் கழித்து, மரவரிசைக்கு அப்பால், எம்மெட்டின் கார் வந்து நின்றது. அவர் ஆரஞ்சு அணிந்திருந்தார். எரியும் தீக்குச்சி போலத் தெளிவாகத் தெரிந்தார். என் ஜன்னலிலிருந்து மரவரிசையின் இரு பக்கமும் தெரியும்; அவருக்கு அது இடையில் இருந்ததால் டெல்மரின் வண்டி தெரிந்திருக்க வழியில்லை.

நிலத்தில் ஆபத்து என்றால் வண்டி ஹாரனை நீளமாக அழுத்துவது இங்கே வழக்கம். அந்தச் சத்தம் கேட்டவர்கள் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். என் வண்டி வாசலில் நின்றது. சாவி கதவருகே ஆணியில் இருந்தது. கையில் மாவு ஒட்டியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு போக நேரம் இருந்தது. கழுவினேன். துடைத்தேன். பிறகு மாவை ஈரத்துணியால் மூடி, அடுப்பின் அருகே வைத்தேன். இல்லாவிட்டால் குளிரில் உப்பாது.

ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

எம்மெட் வயலின் குறுக்கே ஓடி வந்தார். வேலியில் விழுந்து எழுந்தார். "அம்மா, ஆள் இருக்காரு உள்ள... யாரும் இல்லன்னீங்களே... ஆள் இருக்காரும்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் உடனே ஆம்புலன்ஸை அழைத்தேன். அதில் தாமதம் இல்லை. பதிவைப் பாருங்கள். அவரை உட்காரவைத்துப் போர்வை போர்த்தினேன்.

உங்கள் ஆட்கள் வந்து கேட்டபோது நான் சொன்னது ஒரு வாக்கியம்தான்: "டெல்மர் கேட்கிறவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமே." அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் தலையை ஆட்டி, "எத்தன தடவை சொல்லியிருப்போம், ஒரு நாள் இப்படித்தான் ஆகும்னு" என்றார். நான் மேற்கொண்டு எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தம் வாழ்நாள் முழுவதும் எனக்காகச் சாட்சி சேர்த்து வைத்திருந்தார்.

அதோடு முடிந்திருக்கும். அடக்கத்தன்று பாதிரியார் பேசினார். "டெல்மருக்கு இந்தக் கவுண்டியில் பூட்டிய கேட் என்று ஒன்று இருந்ததில்லை. அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. எல்லா நிலமும் அவருக்கு வீடாக இருந்தது" என்றார். ஜனங்கள் கண்ணீரோடு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. காபிக் கடையில் கேட்ட அதே சிரிப்பு.

பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், பெண்கள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, லோயிஸ் சொன்னாள்:

"அவர் கேட்டாரு. எங்கிட்ட வந்து சொன்னாரு. வெர்னா கேக்கு குடுத்தா, யாரும் வரலன்னு சொன்னா, கேட்டது மனசுக்கு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமான்னாரு. ஆரஞ்சுச் சட்டை இன்னமும் ஆணியிலதான் தொங்குது. அவர் கேட்டாரு."

யாரோ அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். "நீ உக்காரும்மா. ரெண்டு நாளா தூங்கல நீ" என்றார்கள். டெல்மராவது கேட்பதாவது என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. லோயிஸ் என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு வெர்னா. வந்தார்ல?"

"இல்லியே லோயிஸ்" என்றேன். "என்கிட்ட வரலியே."

அவள் நம்பிவிட்டாள். கணவன் தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறான் என்று, என் கண் எதிரே, அவள் நம்பத் தொடங்கியதைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த தட்டை வாங்கி நான் அடுக்கினேன்.

எம்மெட்டைப் போய்ப் பார்த்தேன். கோழியும் காளானும் போட்டு அடுப்பில் சுட்டதை ஒரு பாத்திரத்தில் எடுத்துப் போனேன். பள்ளிக்குப் போவதில்லையாம். உங்கள் நிலத்தில் இப்படிச் செய்துவிட்டேனே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். யாரும் இல்லை என்று நான் சொன்னது அப்போது எனக்குத் தெரிந்த வரையில் உண்மைதானே என்று அவரே எனக்காக வாதாடினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரைச் சிறைக்கு அனுப்புவது குறித்து நீங்கள் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். அது சரியாகாது.

நான் ஏன் உங்களை அழைத்தேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன். மனச்சாட்சி என்று எழுதிவிடாதீர்கள். நான் நன்றாகவே தூங்குகிறேன். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கேட்காமல் வந்த ஆண்டுகளில் எல்லாம் டெல்மர் ஆரஞ்சு அணிந்துதான் வந்தார். கேட்காதவருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது தெரியாதல்லவா. கேட்ட ஒரே ஒரு முறைதான் பழுப்புக் கோட்டோடு வந்தார். என் வார்த்தையைத் தவிர உடம்பில் வேறு பாதுகாப்பு எதையும் அவர் அணிந்திருக்கவில்லை. இதைவிடப் பெரிய மரியாதையை இந்த நிலத்தில் எனக்கு யாரும் செய்ததில்லை, என் கணவர்கூட.

அதைத்தான் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. கல்லறையில் நிற்கிற ஒவ்வொருவரும் அவர் கேட்காமலே வந்து செத்தார் என்கிறார்கள். உங்கள் அறிக்கையிலும் 'அனுமதியின்றி நுழைந்தவர்' என்று இருப்பதாகச் சொன்னீர்கள். அது தவறு. என் வாசலில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என் பெயரைச் சொல்லி, டெல்மர் ஹாகன் என்னிடம் கேட்டார். அதை மட்டும் திருத்திவிடுங்கள். மற்றதை நீங்கள் எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.